ஆளுக்கு மூன்று வெட்டு

— குறட்டையை வெட்டு.

— வெட்டினா உங்க மூணு வெட்டுல ஒண்ணு போயிடும். யோசிச்சுச் சொல்லுங்க.

— இதுல யோசிக்க என்ன இருக்கு? முப்பத்திரண்டு வீட்டுக்குப் போற வருஷக் கடைசிக் கடுதாசி. 'இந்த ஆண்டும் இவருடைய குறட்டைக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர்'னு எழுதி வச்சிருக்கே. என் பழைய சூப்பர்வைசர் படிப்பார். வெட்டு.

— வெட்டியாச்சு. மீதி ரெண்டு. அப்புறம் வந்து அழக் கூடாது.

— நான் ஏன் அழப் போறேன்? முப்பத்தாறு வருஷம் லிப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு ஓன்னு அழுதவங்களையெல்லாம் கையைப் பிடிச்சு வெளியே இழுத்து விட்டவன்.

— அதையும் எழுதியிருக்கேன். அவசரப்படாதீங்க.

— சரி, படி. ஆனா இந்த ரூலை எவன் கண்டுபிடிச்சான்னுதான் தெரியல. என்னைப் பத்தி நீ எழுதணும், உன்னைப் பத்தி நான் எழுதணும். ஊர்ல இல்லாத வழக்கம்.

— யார் கண்டுபிடிச்சாங்களா? உங்க அக்கா. நான் ரிட்டயர் ஆன வருஷம், முதல் கடுதாசியை ரெண்டு பக்கமும் நீங்களே எழுதித் தள்ளினீங்க. பூரா உங்க புராணம். உங்க அக்கா போன் பண்ணி, 'தம்பி, கடுதாசி வந்துச்சு, சந்தோஷம். உன் பொண்டாட்டி உயிரோடதானே இருக்கா?'ன்னு கேட்டாங்க.

— அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். வாய் நீளம்.

— அன்னிக்குப் போட்ட சட்டம். தன்னைப் பத்தித் தானே எழுதக் கூடாது. இன்னிக்குப் படிக்கிற வரைக்கும் ஒருத்தருக்கு ஒருத்தர் காட்டக் கூடாது. பிடிக்கலேன்னா ஆளுக்கு மூணு வெட்டு. கடைசிப் பாரா மட்டும் ரெண்டு பேரும் சேர்ந்து.

— வரும் வருஷப் பயணம்.

— ஆமா. வரும் வருஷப் பயணம்.

— அதை இந்தத் தடவை விட்டுடலாம்.

— ஏன்?

— அதான் ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கேனே. வேனுக்கு வயசாயிடுச்சு. காலையில இருமி இருமித்தான் கிளம்புது. இன்னிக்கு நாலு மணிக்கு வண்டி விஷயமா ஒருத்தர் வர்றார்.

— இன்னிக்கேவா?

— இன்னிக்குத்தான். அதுக்குள்ள படிச்சு முடிச்சுடுவோம்.

— எட்டல! எட்டல! ஐயோ எட்டல!

— ஏய் ரேடியோ, சும்மா இரு! இந்த மைனாவுக்கு என்ன வந்துச்சு? ஒரு மாசமா இதையே கத்துது.

— அது… மேல் தட்டுல டப்பா எடுக்கும்போது நான் சொல்வேன்ல. பிடிச்சுக்கிச்சு.

— ட, ப, ம, ர, ய! ட, ப, ம, ர, ய!

— இது என்னங்க? மூணு மாசமா இது ஒரு பாட்டு.

— அதுவா? எதிர்வீட்டுக் குழந்தை சத்தம் போட்டுப் பாடம் படிச்சிருக்கும்.

— எதிர்வீட்டுக் குழந்தைக்கு வயசு இருபத்தாறு. பேங்க்குல வேலை பார்க்குது.

— நீ கடுதாசியைப் படிக்கிறியா, குறுக்கு விசாரணை பண்றியா?

— படிக்கிறேன். 'பிள்ளைகள் செய்தி. மகன் இப்போதும் கப்பலில் சமையல்காரன். தாடி வைத்தான், எடுத்தான், மறுபடி வைத்தான். வாரம் ஒரு தடவை போனில் குரலை அனுப்புவான். மூன்று வாக்கியம். அதில் ஒன்று அலைச் சத்தம்.'

— நல்லா இருக்கு. அவன் படிச்சா சிரிப்பான்.

— 'மகள் மலையூரில் மாட்டு டாக்டராகவே இருக்கிறாள். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு போன வாரம் ஒரு எருமைக்குப் பிரசவம் பார்த்தாள். எருமையும் கன்றும் நலம். பிப்ரவரியில் அவளுடைய முறை. பெரியவள், அதாவது எங்கள் பேத்தி, தம்பி வேண்டாம், நாய்க்குட்டி போதும் என்கிறாள்.'

— தாத்தா புத்தி அப்படியே இருக்கு.

— 'எங்கள் நாய் முக்காலிக்குப் பதினொரு வயது. மூன்று காலில்தான் நடக்கிறோம் என்பதை அது இன்னும் கவனிக்கவில்லை. நாலாவது கால் எங்கே என்று பேத்தி கேட்டதற்கு, சார்ஜ் போட்டிருக்கு என்று தாத்தா பதில் சொன்னார். அவள் அதை நம்பி ஸ்கூலில் சொல்லி, டீச்சர் போன் பண்ணினார்.'

— டீச்சருக்குச் சிரிக்கத் தெரியல, அதுக்கு நான் என்ன பண்ண? டேய் முக்காலி, கேட்டியாடா? உன் பேர் பேப்பர்ல வருது. வாலையாவது ஆட்டு.

— ஆட்டறான், ஆட்டறான். இப்போ உங்க கதை. 'இவர் தலைக்குச் சாயம் போடுவதை நிறுத்திவிட்டார். காரணம் சிக்கனம் இல்லை. இடம் இல்லை.'

— ஏய்!

— உண்மைதானே?

— உண்மையோ பொய்யோ, வெட்டு அதை! என்கூட வேலை பார்த்தவன் ஒவ்வொருத்தனும் தலை நிறைய முடியோட திரியறான்.

— ரெண்டு வெட்டு ஆச்சு. மீதி ஒண்ணே ஒண்ணு.

— எண்ணிக்கிட்டே இரு நீ. ஆஸ்பத்திரி லேபுல ரத்த அணு எண்ணினவளைக் கட்டிக்கிட்டா இப்படித்தான்.

— 'ஜூலையில் ஏரிக்கரைக்கு வேனில் போனோம். விடுதியில் லிப்ட் நின்றுபோனது. உள்ளே புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி. விடுதிக்காரர் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். இவர் பனியனோடு இறங்கி வந்தார். கதவில் காதை வைத்தார். உள்ளே அழுத பெண்ணிடம், பயப்படாதேம்மா, இந்தக் கயிறு அறாது, உன் வீட்டுக்காரரை விட இது உன்னை நல்லாத் தாங்கும் என்றார். உள்ளே அழுகை சிரிப்பாக மாறியது. ஒன்பது நிமிஷத்தில் இரண்டு பேரும் வெளியே. யார் என்று கேட்டதற்கு, மூணாம் மாடிக்காரன் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆன மனுஷர்.'

— அட, அவ்வளவு பெரிய விஷயமா அது? மோட்டார் பிரேக்கைத் தளர்த்தி ரெண்டு முழம் கீழ இறக்கினேன், அவ்வளவுதான்.

— வெட்டணுமா?

— சே சே. இருக்கட்டும். சூப்பர்வைசர் படிக்கட்டும்.

— 'முக்காலி வேனில் ஏறுவதற்கு இவரே ஒரு லிப்ட் செய்திருக்கிறார். ஒரு பலகை, இரண்டு கப்பி, ஒரு எடைக்கல். ஒரு விரலால் இழுத்தால் போதும், நாய் ராஜா மாதிரி மேலே போகும். போகும்போது எங்கள் எல்லாரையும் ஒரு பார்வை பார்க்கும்.'

— அதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்துல போடு.

— 'மவுத் ஆர்கன் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். முக்காலி அதிக நேரம் வெளியே இருக்க ஆரம்பித்திருக்கிறது.'

— வெட்டு!

— நிஜமாவா? இது கடைசி வெட்டு.

— வெட்டுன்னா வெட்டு. கலையைக் கேவலப்படுத்தினா நான் பார்த்துக்கிட்டு இருக்க மாட்டேன்.

— சரி. வெட்டியாச்சு. மூணும் தீர்ந்துபோச்சு. ஒரு வாய் டீ குடிச்சுக்கங்க.

— எதுக்கு?

— குடிங்க. சூடு ஆறிடும். 'செப்டம்பரில் லைசென்ஸைப் புதுப்பிக்க இவர் கண் டாக்டரைப் பார்க்கப் போனார். போவதற்கு முன்னால் ஒன்பது நாள், நான் மார்க்கெட்டுக்குப் போகிற நேரம் பார்த்து, கண் பரிசோதனைப் பலகையின் கடைசி மூன்று வரியையும் மனப்பாடம் செய்தார்.'

— நிறுத்து.

— 'மைனாக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்ததுதான் அவர் விட்ட கோட்டை.'

— நிறுத்துன்னு சொல்றேன்ல! வெட்டு அதை!

— எதை வச்சு வெட்டறது? குறட்டை, சாயம், மவுத் ஆர்கன். கணக்கு முடிஞ்சுது.

— அடிப்பாவி. வேணும்னே பண்ணியா?

— முப்பத்தோரு வருஷம் ரத்தம் எடுத்தவ நான். ஊசியைக் குத்தறதுக்கு முன்னாடி பேச்சுக் கொடுக்கணும்னு எனக்குத் தெரியாதா?

— உனக்கு எப்படித் தெரியும்? அந்த மைனா வெறும் எழுத்துதானே சொல்லுது.

— எங்க லேபுக்கு எதிர் ரூம் கண் பிரிவு. முப்பத்தோரு வருஷம் கதவைத் திறந்தா எதிர்ல அந்தப் பலகை. ட, ப, ம, ர, ய. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உங்க ரேடியோ என்னிக்கு அதைச் சொல்லிச்சோ அன்னிக்கே எனக்கு விஷயம் புரிஞ்சுபோச்சு.

— அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேட்கல?

— நீங்க ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

— போதும். மடிச்சு வை. இதை எவனுக்கும் அனுப்ப வேணாம்.

— இன்னும் இருக்கு. கேளுங்க. 'பலகைக்கு முன்னால் போய் நின்றார். மூன்று வரியும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. டாக்டர், நாலாவது வரிக்குக் கீழே எனக்கு ஒண்ணும் தெரியல. மனப்பாடம் பண்ணிட்டுத்தான் வந்தேன். சொல்ல வாய் வரல. ரோட்டுல குழந்தைங்க குறுக்கே வருவாங்க என்றார்.'

— அந்த ரூம்ல நானும் டாக்டரும்தானே இருந்தோம்.

— நர்ஸ் இருந்தாளே? என்கிட்ட ஜூனியரா இருந்தவ. அன்னிக்குச் சாயந்திரம் போன் பண்ணி, 'அக்கா, உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்ல'ன்னு சொல்லி அழுதா. அவளோட சேர்ந்து நானும் அழுதேன். நீங்க உள்ளே மவுத் ஆர்கன் ஊதிக்கிட்டிருந்தீங்க.

— அதனாலதான் அன்னிக்கு உன் கண்ணு சிவந்திருந்துச்சா? வெங்காயம்னு சொன்னே.

— நீங்க வேன் இன்ஜின் சரியில்லைன்னு சொன்னீங்க. நான் வெங்காயம்னு சொன்னேன். முடிக்க விடுங்க. 'நாற்பத்திரண்டு வருஷம் ஒரு கீறல் இல்லாமல் வண்டி ஓட்டியவர். ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டியிருக்கலாம். வண்டி என்றால் இவருக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் எங்கள் வீட்டில் நடந்த பெரிய விஷயம் இதுதான். இப்படிப்பட்டவரோடு முப்பத்தொன்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன் என்று முப்பத்திரண்டு வீட்டுக்கும் தெரியட்டும்.' அவ்வளவுதான். முடிஞ்சுது.

— என் கைக்குட்டையை எங்க வச்சேன்?

— என்னங்க, என்ன ஆச்சு?

— இரு. மூக்கு அடைச்சிருக்கு.

— இந்தாங்க, துடைச்சுக்கங்க.

— ரெண்டு கண்ணுலயும் நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு. எதைப் பார்த்தாலும் அந்த இடம் மட்டும் காணோம். உன் முகத்தைப் பார்த்தா மூக்கு இருக்காது. சரி செய்ய முடியாதுன்னு டாக்டர் அன்னிக்கே கையை விரிச்சுட்டார்.

— மூக்கு போனாப் போகுது. நல்ல மூக்கா அது?

— உன்கிட்ட சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அன்னிக்குன்னு பார்த்துப் பொண்ணு போன் பண்ணி, 'ஜனவரி கடைசியில அப்பா வேனை எடுத்துக்கிட்டு எல்லாரையும் கூட்டிட்டு வந்துடுவார், எனக்கு என்ன கவலை'ன்னா. அதைக் கேட்டப்புறம் எப்படிச் சொல்ல? பதினோரு மணி நேர வழி. ரயில்ல போனா முக்காலியைச் சாமான் பெட்டியில போடச் சொல்வான். பூட்டின பெட்டியில கிடந்துதான் அது கால் போச்சு. கூண்டைப் பார்த்தாலே மூத்திரம் போயிடுது அதுக்கு.

— ஒருத்தர் போய், ஒருத்தர் அவனோட இங்க இருக்கலாம்.

— நீ போவியா, என்னை விட்டுட்டு?

— மாட்டேன்.

— அப்புறம் என்ன பேச்சு? பத்து பைசாவுக்கு உதவாத கண்ணை வச்சுக்கிட்டு வேனைச் சும்மா ஷெட்டுல நிறுத்தி வைக்கிறதா? தினம் அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரியுது. சரி, விடு. இப்போ நான் எழுதினது. நீயே படி.

— எழுதினவங்கதானே படிக்கணும்?

— எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.

— என்னங்க இது, இவ்வளவு தாள்! எட்டு, பத்து, பதினாலு! ஒரு தாளுக்கு மூணு வரி. எழுத்து ஒவ்வொண்ணும் முட்டை சைஸ்.

— பெரிசா எழுதினாத்தான் எனக்கே தெரியுது. அதான் உனக்குத் தெரிஞ்சுபோச்சே, இனிமே என்ன மறைக்கிறது? படி.

— 'இவள் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறாள். பூந்தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மணிக்கணக்கில் பார்ப்பாள். பார்த்ததையெல்லாம் நோட்டில் வரைவாள். இதுவரை இருநூற்றுப் பதினோரு பூச்சி. ஒன்றுக்கு என் பெயர் வைத்திருக்கிறாள். குண்டாக இருக்குமாம், காரணமே இல்லாமல் சுற்றுமாம்.'

— ஆனா பார்க்க அழகா இருக்கும். அதையும் சொன்னேன், அதை விட்டுட்டீங்க.

— தற்பெருமை கூடாதுன்னு சட்டம் இருக்கே.

— 'மாடிவீடு, கீழ்வீடு, எதிர்வீடு, யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் இவளிடம்தான் ஓடி வருகிறார்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை இவள் சொல்ல மாட்டாள். டாக்டரிடம் கேட்க வேண்டியதை மட்டும் வரிசையாக எழுதிக் கொடுப்பாள். கீழ்வீட்டுத் தையல்காரம்மாவோடு ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தாள். இன்று தையல்காரம்மா நடக்கிறார், இவளைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார். இவள் அவரை உட்கார வைத்துத் திட்டுகிறாள்.'

— ரொம்பத் தூக்கி வைக்கறீங்க.

— வெட்டணுமா? உனக்கு மூணு இருக்கு.

— பார்க்கலாம். 'அறுபத்து மூன்று வயதில் இவள் நீச்சல் கற்றுக்கொள்கிறாள்.' …

— ஏன் நிறுத்திட்டே?

— ஒண்ணுமில்ல. 'மூன்று மாதமாக வாரத்தில் அஞ்சு நாள். காலை ஆறரைக்குப் பையும் துண்டுமாகப் போகிறாள், எட்டரைக்கு வருகிறாள். தலைமுடி நனைவதே இல்லை. தண்ணீருக்கே இவளிடம் பயம்.'

— ஏன் சிரிக்க மாட்டேங்கிற?

— தொப்பி போட்டுக்கறேன்ல.

— படி, படி.

— 'துண்டும் நனைவதில்லை.' அது… அங்கேயே காயப்போட்டுட்டு வந்துடுவேன்.

— வீட்டுல துணி துவைக்கிறது நான். மூணு மாசமா அந்தத் துண்டு மடிச்ச மடிப்பு கலையாம வருது. மேல படி.

— 'நீந்துகிறவர்களுக்கு இடது கெண்டைக்கால் மட்டும்தான் வலிக்கும் என்பதை இவளால் தெரிந்துகொண்டேன். தினமும் எண்ணெய் தேய்த்துவிடுகிறேன். வலது கால் கல்லு மாதிரி இருக்கிறது.' போதும். என்னால முடியல. இந்தாங்க, உங்க தாளைப் பிடிங்க.

— ஏன், வெட்டணுமா?

— நான் நீந்தவே இல்லீங்க.

— தெரியும்.

— தெரியுமா?

— டிரைவிங் ஸ்கூல். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. வெள்ளைக் கார். அடுத்த தாளைத் திருப்பு.

— கடவுளே. யார் சொன்னது?

— அந்தக் கூண்டுக்காரன்தான். நான் மத்தியானம் தூங்கறப்ப நீ ஷெட்டுக்குள்ள போய் நிக்கிற வேன்ல உட்கார்ந்து, 'கிளட்ச், கியர், மெதுவா, மெதுவா, ஐயோ எட்டல'ன்னு பேசிக்கிட்டிருக்கே. ஜன்னல்ல தொங்கறது யாரு? ரேடியோ. டப்பா எடுக்கப் போனாளாம், டப்பா! மைனா 'ரெண்டாவது கியர்'னு கத்தினப்புறமும் நான் டப்பான்னு நம்பணுமா? மறுநாள் உன் பின்னாலேயே வந்து பார்த்தேன், மிச்சத்தை டிரைவிங் ஸ்கூல்காரர் சொன்னார்.

— உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். அந்த நர்ஸ் போன் பண்ணின மறுவாரமே போய்ச் சேர்ந்துட்டேன். ஜனவரியில ஒரு நாள் காலையில உங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்து சீட்டுல உட்காரவச்சு, நீங்க வாயைப் பிளந்துக்கிட்டு இருக்கும்போது நான் சாவியைத் திருகணும். அப்படித்தான் ஆசைப்பட்டேன்.

— திருப்பு தாளை.

— 'இரண்டு தடவை டெஸ்ட்டில் தோற்றாள்.' அதையுமா எழுதினீங்க!

— மேல.

— 'இரண்டு தடவையும் அதே மேடு. நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டது. வாழ்க்கையில் எந்தப் பரீட்சையிலும் தோற்காதவள். வீட்டுக்கு வந்து துண்டை மடித்துவிட்டு, தண்ணி இன்னிக்கு ரொம்பச் சில்லுனு இருந்துச்சு என்றாள். அதைக் கேட்ட பிறகு நான் மாடிக்குப் போய் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலை ஆறரைக்கு மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மூன்றாவது டெஸ்ட் வருகிற செவ்வாய்க்கிழமை. எனக்கு முன்னால் எத்தனையோ பேர் மாட்டிக்கொண்ட லிப்டில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்தபடியே கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்காகத் தள்ளுகிறாள்.'

— என்ன, அழறியா?

— இல்ல. வெங்காயம்.

— வெட்டறதுன்னா வெட்டு. உனக்கு மூணும் அப்படியே இருக்கு. ரெண்டு தடவை தோத்ததை முப்பத்திரண்டு வீடும் படிக்கணுமான்னு நீ கேட்டா, நியாயம்தான்.

— ஒண்ணும் வெட்டல. படிக்கட்டும். உங்க அக்காவும் படிக்கட்டும்.

— அவ போன் பண்ணுவா.

— பண்ணட்டும். உயிரோடதான் இருக்கேன்னு சொல்றேன்.

— டிங் டாங்!

— நாலு ஆயிடுச்சா?

— மூணு அம்பதுதான். இது ரேடியோ. டேய், நிஜ மணி அடிக்கிற வரைக்கும் வாயை மூடுடா. ஏன் முகம் இப்படி வாடிப்போச்சு உனக்கு?

— ஒரு விஷயம் சொல்லணும். லைசென்ஸ் கிடைச்சாலும் பிரயோஜனம் இல்லீங்க.

— ஏன்?

— ஸ்கூல் கார்ல ரெண்டு தலகாணி வச்சு ஏதோ சமாளிக்கிறேன். அதுலயே மேட்டுல கால் நழுவுது. நம்ம வேன்ல சுத்தம். உட்கார்ந்தா கால் அந்தரத்துல தொங்குது. முதுகுக்குத் தலகாணி வச்சா ரோடு தெரியல. கீழ வச்சா கிளட்ச் எட்டல. நுனியில உட்கார்ந்தா வழுக்கிக்கிட்டு விழறேன். ஒரு மாசமா எல்லா விதமாவும் பார்த்துட்டேன்.

— அந்த சீட்டு நகராது.

— எப்படி நகரும்? வாங்கின வருஷமே உங்க பனைமரக் காலுக்கு இடம் வேணும்னு அதைப் பின்னால தள்ளி, ஆடக் கூடாதுன்னு அடியில வெல்டிங் வச்சு ஒட்ட வச்சது நீங்கதானே?

— நான்தான். பதினெட்டு வருஷம் ஆச்சு.

— அதனாலதான் நாலு மணிக்கு ஒருத்தர் வர்றார்னு நீங்க சொன்னப்ப நான் வாயைத் திறக்கல. கொடுத்துடுங்க. நீங்க ஓட்ட முடியாது, எனக்கு எட்டாது. பொண்ணுகிட்ட நான் பேசறேன். கடைசிப் பாராவை நீங்க சொன்ன மாதிரியே விட்டுடலாம். வரும் வருஷப் பயணம் இல்லேன்னு எழுதிடறேன்.

— பேனாவை மூடி வை. அது அப்புறம்.

— அப்புறம் என்ன, இப்பவே எழுதிட்டா முடிஞ்சுது.

— ஒரு பத்து நிமிஷம் பொறு. எனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அந்த சீட்டை ஒட்டினப்ப, ஒரு நாள் நீ ஓட்டுவேன்னு எனக்குத் தோணவே இல்ல பாரு. லிப்ட் கட்டினா குழந்தைக்கும் கை எட்டற மாதிரி பட்டன் வைக்கணும்னு ஊரெல்லாம் சண்டை போட்டவன் நான். என் வண்டியில என் பொண்டாட்டிக்குக் கால் எட்டுமான்னு பார்க்கல. தப்பு.

— போகட்டும் விடுங்க. நானும்தான் கேட்கல.

— கேட்டிருந்தா சிரிச்சிருப்பேன். அதான் பெரிய தப்பு.

— சரி, பேச்சை மாத்துங்க. போன வாரம் டேப்பை எடுத்துக்கிட்டு வந்து, இடுப்புலேர்ந்து முட்டி, முட்டியிலேர்ந்து குதிகால்னு என்னை அளந்தீங்களே, எனக்குன்னு தனியா ஸ்டூல் செய்யச் சொல்றேன்னு. அது என்ன ஆச்சு?

— ஆர்டர் கொடுத்திருக்கேன். வரும்.

— டிங் டாங்.

— ரேடியோ, உனக்கு எத்தனை தடவை சொல்றது!

— ரேடியோ இல்ல. அது கம்பியைக் கொத்திக்கிட்டிருக்கு. முக்காலி எழுந்து வாசலுக்குப் போறான் பாரு.

— வந்துட்டாரா? இந்தாங்க, சாவி ஆணியில தொங்குது. நீங்களே போய்ப் பேசி அனுப்பிடுங்க. வேன் தெருவைத் தாண்டற வரைக்கும் நான் உள்ளேயே இருக்கேன். என்னால பார்க்க முடியாது.

— சாவியை நீ எடு. நீதான் வரணும்.

— நான் எதுக்கு? வாங்க வந்தவர்கிட்ட எனக்கு என்ன பேச்சு?

— வாங்க வர்றார்னு நான் எப்பச் சொன்னேன்? பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த சீட்டைப் பின்னால தள்ளி ஒட்டின அதே வெல்டர்தான் வந்திருக்கார். ஆறு அங்குலம் முன்னால, மூணு அங்குலம் மேலன்னு அளவு கொடுத்துட்டேன், ஆனா நீ ஏறி உட்கார்ந்து 'எட்டுது'ன்னு சொன்னாத்தான் நெருப்பைப் பத்தவைப்பாராம்.